டிஎம்ஏ மேப்பிங்கில் மாட்டிய கதைகள்: உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்

இரவுக்காவல்:
ஆர்ம் போர்டு, சிபியூ கேஷையும் மெமரியையும் ஹார்டுவேரே ஒத்துப்போகச் செய்யாத வகை, எஸ்டி கார்டு. டிஎம்ஏ என்றால் சாதனமே சிபியூ வழியாக இல்லாமல் மெமரியை நேராகப் படித்து எழுதுவது; அதற்கு முன் பஃபரைச் சாதனத்திடம் ஒப்படைப்பது மேப், முடிந்ததும் திரும்ப வாங்குவது அன்மேப். மீதி உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கார்டு எழும்போது, அதற்கு எந்த பஸ் அகலமெல்லாம் முடியும் என்று சொல்லும் எஸ்சிஆர் என்ற 8 பைட்டைப் படிப்போம் இல்லையா, சிப் கொடுத்தவர்கள் திருத்தித் தந்த பழைய கர்னலில் அந்த 8 பைட்டுக்கான இடம் பெரிய ஸ்ட்ரக்சருக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு திரெட் எழுதும் ஒரு ஃப்ளாக். கார்டு எப்போதாவது மட்டும் 1 பிட் பஸ்ஸில் எழுந்து ஊர்ந்துகொண்டிருக்கும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். எல்லோரும் கார்டைத்தான் குறை சொன்னார்கள்.

ஜேடேக் (சிபியூவை நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக் இணைப்பு) மாட்டி நிறுத்தியபோது பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரே முகவரியை நேராக டிராமில் (மெமரி சிப்பில்) பார்த்தால் கார்டு அனுப்பிய பைட்டுகள் ஒழுங்காக இருக்கின்றன, சிபியூ வழியாகப் பார்த்தால் முழுக்க பூஜ்யம். அன்மேப்பைத் தாண்ட ஒரு அடி ஓட்டினேன், டிராமிலும் பூஜ்யம் ஆகிவிட்டது. அந்தப் பூஜ்யத்தை யாருமே எழுதவில்லை! டிரான்ஸ்ஃபர் நடக்கும்போது பக்கத்து ஃப்ளாகை யாரோ தொட்டதால் கேஷ் ஒரே மூச்சில் கையாளும் 64 பைட் லைன் முழுவதும் பழைய உள்ளடக்கத்தோடு கேஷுக்குள் வந்து டர்ட்டி (மெமரிக்குத் திருப்பி எழுத வேண்டியது) ஆகிவிட்டது. அன்மேப்பில் லைனின் ஓரத்தைக் கேஷிலிருந்து திருப்பி எழுதும்போது வந்த டேட்டாவின் மேலேயே எழுதிவிட்டது. பஃபரைத் தனியாக கேமெலாக் (கர்னலில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) செய்ததும் தொல்லை போயிற்று.

ஸ்டாக்டிரேஸ்:
எக்ஸ்86-இல் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேஷ் கவலை கிடையாது, அது ஒரு நிம்மதி. எனக்கு உறுத்துவது வேறு. யூஎஸ்பி கார்டு ரீடர் டிரைவர் ஒன்று, ஃபங்ஷனுக்குள் உள்ளூர் அரேயாக இருந்த பஃபரை அப்படியே டிஎம்ஏவுக்குக் கொடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடியது. 4.9 கர்னலில் ஸ்டாக், டிஎம்ஏவுக்கு அப்படியே கொடுக்க முடியாத விமேலாக் முகவரிப் பகுதிக்குப் போனது, அன்றோடு அது செத்தது. "பழைய கர்னலில் ஓடுகிறதே, புதுக் கர்னல்தான் தப்பு" என்று வாடிக்கையாளர் அனுப்பிய மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருஷம் ஓடியது வெறும் அதிர்ஷ்டத்தால் என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். எக்ஸ்86-ஐ விட்டு வெளியே போகாதவரை மற்றபடி பயமில்லை.

பதினேழு:
ஸ்டாக்டிரேஸ், கடைசி வரியை ஏற்க மாட்டேன். எக்ஸ்86-இல் ஐஓஎம்எம்யூவை (சாதனங்களின் டிஎம்ஏ முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் ஹார்டுவேர்) ஆன் செய்து பாருங்கள். எங்களிடம் இருந்தது ஒரு ரெய்டு கார்டு, கர்னலுக்கு வெளியே வைத்திருந்த டிரைவர். சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒரே பட்டியலாக மேப் செய்யும் டிஎம்ஏ_மேப்_எஸ்ஜிக்குப் போனது 17 துண்டு, திரும்பி வந்தது 3. ஐஓஎம்எம்யூ துண்டுகளை ஒட்டவைத்துத் தொடர்ச்சியாக்கிக் கொடுத்திருக்கிறது, அது அதன் உரிமை. டிரைவரோ திரும்பி வந்த எண்ணை பூஜ்யமா என்று மட்டும் பார்த்துவிட்டு, 17 முறையும் சுற்றி, நீளம் 0 உள்ள 14 துண்டுகளையும் கார்டுக்குக் கொடுத்திருக்கிறது. கார்டு மூச்சுப்பேச்சில்லாமல் நின்றது. டிரேஸில் அந்த "17, 3" என்ற வரியைப் பார்த்துவிட்டு நான் முதலில் டிரேஸ்தான் பழுது என்று நினைத்தேன். ஐஓஎம்எம்யூ இல்லாத மெஷினில் 17 போனால் 17 வரும், அதனால்தான் சோதனையில் எப்போதும் பாஸ்.

தொட்டிநிறைந்தது:
என் கதை சின்னது. மெமரியை என்க்ரிப்ட் செய்த விஎம், அதில் எல்லா டிஎம்ஏவும் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி பவுன்ஸ் பஃபர் (டேட்டாவை இடையில் நகலெடுத்து வைக்கும் தனி இடம்) வழியாகத்தான் போக வேண்டும். டிஸ்க்கைச் சோதிக்கும் ஃபியோவில் கியூ ஆழத்தைக் கூட்டியதும் லாகில் "பஃபர் ஃபுல்" என்று மழை மாதிரி கொட்டியது, ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆனது, அதன் மேல் ஓடிய டேட்டாபேஸும் நின்றது. லோடு கூடியதற்கு டேட்டாபேஸ் செத்துப்போவது எந்த ஊர் நியாயம் என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

இதைப் படிக்கும் புதியவர்களுக்குச் சிலது சொல்லியே ஆக வேண்டும். மேப் தோற்கலாம், அது விபத்து இல்லை, சாதாரண நடப்பு. ஒற்றை பஃபர் என்றால் டிஎம்ஏ_மேப்பிங்_எரரை வைத்துத்தான் பார்க்க வேண்டும், முகவரி பூஜ்யமா என்று பார்ப்பது போதாது. தோற்றால் ஐஓ எரர் என்று மேலே அனுப்பாதீர்கள், அதைத்தான் எங்கள் டிரைவர் செய்தது. டிஸ்க் ரிக்வெஸ்ட்டுகளை டிரைவருக்கு அனுப்பும் பிளாக் லேயருக்கு "இடம் இல்லை, அப்புறம் அனுப்பு" என்று சொல்ல பிஎல்கே_எஸ்டிஎஸ்_ரிசோர்ஸ் இருக்கிறது, அதைக் கொடுத்தால் அதுவே திரும்ப முயலும். பவுன்ஸ் பஃபரில் ஒரு மேப்புக்கு 256 கேபிதான் மேல்வரம்பு. டிஎம்ஏ_மேக்ஸ்_மேப்பிங்_சைஸைக் கேட்டு வாங்கி ரிக்வெஸ்ட் அளவை அதற்குள் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், டெவலப்மென்ட் கர்னலில் டிஎம்ஏ ஏபிஐ டீபக்கை ஆன் செய்து வையுங்கள். எரர் பார்க்காத மேப், அளவு பொருந்தாத அன்மேப், ஸ்டாக் முகவரி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். மேலே எழுதிய மூவரில் ஸ்டாக்டிரேஸுக்காவது அது முதல் நாளே சொல்லியிருக்கும். வேகம் குறையும்தான், பரவாயில்லை.

இரவுக்காவல்:
தொட்டிநிறைந்தது, சொன்னதெல்லாம் சரி, என் விஷயத்தை அது சொல்லியிருக்காது. யாரும் கேட்காத அறிவுரை என்றாலும் டீபக் விஷயத்தை நானும் வழிமொழிகிறேன். ஆனால் கேஷ் லைனை இரண்டு மேப்பிங் பங்கிட்டால்தான் அது கத்தும். பக்கத்தில் சாதாரண ஃப்ளாக் இருப்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? அதை ஸ்ட்ரக்சரைத் திறந்து மனிதர்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டாக்டிரேஸ்:
பதினேழு, ஒப்புக்கொள்கிறேன், எக்ஸ்86 முழுவதற்கும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. சரி, அந்த ரெய்டு டிரைவரில் அன்மேப்புக்கு எந்த எண்ணைக் கொடுத்திருந்தார்கள்? திரும்பி வந்த 3-ஐயா?

பதினேழு:
இல்லை, 17-ஐத்தான், அது மட்டும் சரியாக இருந்தது. அன்மேப்புக்கு எப்போதும் நாம் முதலில் கொடுத்த எண்தான், கார்டுக்கு எழுதும் சுற்றுக்குத்தான் திரும்பி வந்த எண். திருத்தம் ஒரே வரி. இப்போது அந்த டிரைவரை யார் ரிவ்யூவுக்குக் கொண்டுவந்தாலும் முதலில் அந்த ஃபார் லூப்பைத்தான் தேடுகிறேன்.