ஷாக் 'பேக்' ஆவதற்குத் தமிழில் என்ன? 'திணறல்' என்று ஒரு பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

ரேடியோவால் இயக்கும் குட்டி வண்டிகளின் ஷாக் அப்சார்பர் 'பேக்' (pack) ஆவதையும், அதையொட்டிய ஷாக், டயர் சொற்களையும் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக இந்த இழையில் மடல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷாக் நான்கையும் கழற்றி, பிஸ்டனை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். பார்த்தாயிற்று. விரலில் இன்னும் சிலிக்கான் எண்ணெய் வழவழக்கிறது. தட்டச்சுப் பிழை இருந்தால் அதன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

> 'பேக்' என்றால் பொதி, மூட்டை. ஆகவே 'பொதிவு' என்று வைத்துவிடலாம். நேரடியாக இருக்கிறது.

அண்ணா, மன்னிக்கவும். 'பொதிவு' என்றதும் எனக்கு ஷாக் நினைவுக்கு வரவில்லை, கழுதைதான் வருகிறது. ஆங்கிலத்தில் எந்த நினைப்பில் அந்தச் சொல்லைப் போட்டார்களோ, அந்த நினைப்பையும் சேர்த்து நாம் ஏன் சுமக்க வேண்டும்? குழாய்க்குள் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். குழுமத்தில் பலர் ரேடியோ வண்டியைத் தொட்டதில்லை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஷார்ட் கோர்ஸ் ட்ரக். டிராக்சஸ் கம்பெனி 2008இல் கொண்டுவந்த ஸ்லாஷ் வகை. அமெரிக்காவில் மண்மேடும் பள்ளமுமான பாதையில் பந்தயம் ஓடும் பெரிய ட்ரக்குகளின் குட்டி. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். சக்கரத்துக்கு ஒரு ஷாக். வெளியே சுருள்வில், நடுவில் குழாய், குழாய்க்குள் சிலிக்கான் எண்ணெய், அதில் மூழ்கியபடி மேலும் கீழும் போகும் சின்னப் பிஸ்டன். பிஸ்டனில் இரண்டோ மூன்றோ துளைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் பிஸ்டன் நகர வேண்டும். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளை வழியே மறுபக்கம் போயாக வேண்டும். இவ்வளவுதான் சமாச்சாரம்.

மெதுவாக அமுக்கினால் எண்ணெய் ஒழுங்காகப் போகிறது. பிளஸ் ஒன் பாடத்தில் 'வரிச்சீர் ஓட்டம்' என்று படித்தோமே, அது. வேகம் இருமடங்கானால் தடையும் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் வண்டி மேட்டிலிருந்து பறந்து வந்து நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையில் அறையும்போது பிஸ்டன் பாய்கிறது. முதல் பந்திக்குக் கதவைத் திறந்த கல்யாண மண்டபம் மாதிரி, அத்தனை எண்ணெயும் அந்தத் துளையில் முண்டியடிக்கிறது. ஓட்டம் கலங்கிச் சுழிக்கிறது. அந்த நிலைக்குப் போனபின் வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்கை நோக்கி ஏறும். ஒரு கணம் ஷாக் வெறும் கட்டையாகிவிடுகிறது. இதைத்தான் 'பேக் ஆயிடுச்சு' என்கிறார்கள்.

இதற்கு நான் முன்வைக்கும் சொல் 'திணறல்'. மூச்சுத்திணறலில் காற்றுக்கு வழி போதவில்லை. இங்கே எண்ணெய்க்கு வழி போதவில்லை. முழுப்பெயர் வேண்டுமென்றால் 'துளைத்திணறல்'. புழக்கத்துக்குத் 'திணறல்' போதும்.

நான் எந்தச் சொல்லையும் ஒரே சோதனைக்குத்தான் உட்படுத்துவேன்: மைதானத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் ஸ்பானரோடு அதைச் சொல்ல முடிகிறதா? "முன் ஷாக் திணறுது, துளையைப் பெருசாக்கு." முடிகிறது. "பொதிவடைகிறது" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெயர்ச்சொல்லை வினையாக்க 'அடைகிறது' என்று முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் அது அச்சுப்புத்தகத்தை விட்டு வெளியே வராது.

> ஓமப்பொடி அச்சில் கெட்டி மாவைப் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 'அச்சு இறுகுது' என்போம். 'இறுக்கம்' போதாதா?

அக்கா, இந்த மடலைப் படித்ததும் எழுந்து போய்ச் சமையலறையில் அச்சை எடுத்துப் பார்த்தேன். பிஸ்டனை விளக்க இதைவிட நல்ல பொருள் இல்லை: ஓமப்பொடிச் சில்லு சின்னத் துளை, தேன்குழல் சில்லு பெரிய துளை, மாவின் கெட்டிதான் எண்ணெயின் தடிப்பு. ஆனால் ஒரே ஓர் இடத்தில் உவமை கைவிடுகிறது. கெட்டி மாவு மெதுவாகப் பிழிந்தாலும் கஷ்டம்தான், வேகமாகப் பிழிந்தாலும் கஷ்டம்தான். நாம் பெயர் தேடுவது வேகத்தில் மட்டும் தலைகாட்டும் குணத்துக்கு.

ஞாயிறு நான் செய்தது அதைப் பார்க்கத்தான். பின் ஷாக்குகளில் முதலில் சின்னத் துளைப் பிஸ்டனும் மெல்லிய எண்ணெயும். பிறகு பெரிய துளையும் தடித்த எண்ணெயும். மேசைமேல் கையால் அமுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்படி எண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினால் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே எடுத்துப் போனதும் அவை இரண்டு வெவ்வேறு வண்டிகள். பலகைச் சாய்வில் ஏற்றிப் பறக்கவிட்டபோது சின்னத் துளை வண்டி வயிறு தரையில் படாமல் இறங்கியது. பெரிய துளை வண்டி 'டப்'பென்று அடித்தட்டை மண்ணில் மோதியது. அதே வண்டிகளை, மழைக்குப் பின் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்துபோன தரையில் ஓட்டினால் கதை தலைகீழ். சின்னத் துளை வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தவளை மாதிரித் துள்ளியது. சக்கரம் தரையில் நிற்கவே இல்லை. பெரிய துளை வண்டி அலுங்காமல் போனது.

கையில் ஒன்றுபோல இருந்தவை களத்தில் வேறாகின்றன. அந்த வேறுபாட்டுக்குத்தான் தனிப்பெயர் வேண்டும். 'இறுக்கம்' என்று வைத்தால் அது மறைந்துவிடும். அந்தச் சொல்லை வீணாக்கவும் வேண்டாம்: சுருள்வில்லை வளையத்தைத் திருகி முன்கூட்டியே சற்று அமுக்கி வைக்கிறோமே, அதற்கு 'முன்னிறுக்கம்' நன்றாகப் பொருந்தும். (முன்னிறுக்கத்தைக் கூட்டினால் வில் கடினமாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. வில் அதே வில்தான். வண்டி நிற்கும் உயரம்தான் கூடும்.)

> திணறல் என்றால் குறை, நோய் என்ற நிறம் வருகிறதே. 'பேக்' சில நேரம் வேண்டுமென்றே வைப்பது அல்லவா?

நல்ல கேள்வி, தம்பி. மேலே பார்த்தபடி, பறந்து இறங்கும் பாதைக்குத் திணறல் வேண்டும், குண்டும் குழியுமான பாதைக்கு வேண்டாம். ஆனால் 'உராய்வு' என்ற சொல்லும் அப்படித்தானே? எஞ்சினுக்குள் இருந்தால் நஷ்டம், பிரேக்கில் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 'காரம்' கூடலாம், குறையலாம். நாலு பேர் "திணறல் கொஞ்சம் கூட்டு" என்று சொல்லத் தொடங்கினால் நோயின் நிறம் தானாக வெளுத்துவிடும்.

> ஷாக் அப்சார்பருக்கு 'அதிர்வுறிஞ்சி' இருக்கிறது. டாம்பிங்குக்குப் பாடநூல் 'தடையுறு' என்கிறது. இருப்பதை விட்டுப் புதிது எதற்கு?

ஐயா, உங்களோடு சொல் தகராறு செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் 'அதிர்வுறிஞ்சி' எனக்கு உறுத்துகிறது. பழி ஆங்கிலப் பெயரின் மேல்தான். அடியை வாங்கிக்கொள்வது சுருள்வில். வாங்கியதை வில் சும்மா வைத்திருக்காது, திருப்பித் தள்ளும், மறுபடி வாங்கும். அந்த ஆட்டத்தை அடக்கி, ஆற்றலைச் சூடாக மாற்றுவது எண்ணெய்க்குழாய். பிரிட்டனில் அதை 'டாம்பர்' என்றே சொல்கிறார்கள். அது சரியான பெயர். தாகம் தணிகிறது, சினம் தணிகிறது, வில்லின் ஆட்டமும் தணியட்டும்: தணிப்பு, தணிப்பான்.

'தடையுறு அலைவு' அந்தப் பாடத்துக்குச் சரி. ஆனால் "தடையுறுதலைக் கூட்டு" என்று யாரும் பேசப்போவதில்லை. அதேசமயம் எனக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே பாடத்தில் வெளியிலிருந்து விசை கொடுத்து ஆட்டுவதற்குத் 'திணிப்பு' என்று பெயர். தணிப்பு, திணிப்பு. ஒன்று ஆட்டத்தை அடக்குவது, இன்னொன்று ஆட்டிவைப்பது. இடையில் ஒரு மேல்விலங்கு. தேர்வுத்தாளில் அந்த விலங்கு விழுந்தால் பிள்ளையின் மதிப்பெண் போச்சு. 'ஒடுக்கம்' என்று மாற்றலாமென்றால் வேதியியலார் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிராக அதை முன்பே எடுத்துக்கொண்டார்கள். 'அடக்கம்' என்றால் எண்ணெயைச் சுடுகாட்டுக்கு அனுப்புவதுபோல் இருக்கிறது. எனவே விலங்கோடு வாழலாம் என்பது என் எண்ணம்.

எண்ணெயின் தடிப்புக்கு நாம் 'பாகுநிலை' என்கிறோம், இலங்கையில் 'பிசுக்குமை'. யாழ்ப்பாணத்து நண்பர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். எனக்குப் பிசுக்குமை பிடித்திருக்கிறது. கையில் ஒட்டும் சொல் அது. இரண்டும் இருக்கட்டும். உண்மையான குழப்பம் சொல்லில் இல்லை, புட்டியில் இருக்கிறது. புட்டியில் '30 வெயிட்' என்று போடுவார்கள். ஸ்லாஷில் ஊற்றி வருவதும் அதுதான். டீம் அசோசியேட்டட்டின் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக், 40 வெயிட் 500. இன்னொரு கம்பெனியின் 30 வேறு எண்ணாக இருக்கும். சென்டிஸ்டோக் என்பது தடிப்பை அளக்கும் அலகு. 20 டிகிரியில் தண்ணீர் ஏறக்குறைய 1. ஆகவே இந்தக் குழுமத்திலாவது 'வெயிட்' என்பதை 'எடை' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது எடையே இல்லை. சென்டிஸ்டோக்கில் பேசிவிட்டால் சொல்லே தேவைப்படாது.

எடை, தடிப்பு என்று குழம்பிய காலத்தில் நான் பைக் ஃபோர்க் எண்ணெயை இதில் ஊற்றியிருக்கிறேன். மலிவு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது பெட்ரோலிய எண்ணெய். ஷாக்கின் ரப்பர் வளையங்கள் அதில் ஊறிப் பொதபொதவென்று வீங்கி, தண்டு நகராமல் நின்றுவிட்டது. அன்று ஷாக் திணறவில்லை, செத்தே போனது.

சரி, டயருக்கு வருகிறேன். இங்கே சொற்களை நாம் உண்டாக்க வேண்டியதில்லை, பஞ்சர் கடையில் கேட்டாலே போதும். டயரின் மேற்புறக் கட்டிகளுக்குப் 'பட்டன்'. தேய்ந்தது 'மொட்டை டயர்'. இவற்றுக்குமேல் அழகான சொல்லை யாரும் கொண்டுவரப்போவதில்லை. மிச்சம் இருப்பது மூன்று.

ரப்பர் 'காம்பவுண்ட்' என்பதை ஒருவர் 'சேர்மம்' என்று எழுதியிருந்தார். வேண்டாம். வேதியியல் கணக்கில் டயர் ரப்பர் ஒரு கலவை. கரி, கந்தகம், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. 'மென்கலவை', 'வன்கலவை' என்றால் கடைக்காரருக்கும் புரியும்.

இந்த வண்டிகளின் டயரில் காற்று அடைப்பதில்லை. உள்ளே ஒரு நுரை வளையம்தான் டயரைத் தாங்குகிறது. அதை 'உள்நுரை' என்போம். முழு வேகத்தில் சுற்றும்போது மெல்லிய டயர் வெளிப்பக்கமாக விரிந்து நடுப்பகுதி கூம்பும். தரையில் படும் பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஆங்கிலத்தில் 'பலூனிங்'. பூரி உப்புவதைப் பார்த்த நமக்கு 'உப்பல்' போதாதா?

மூன்றாவதுதான் சுவாரசியமானது. பிடிப்பு கூடக்கூட நல்லது என்றுதான் புதிதாக ஓட்டுபவர் நினைப்பார். மென்கலவை டயரைப் போட்டுக் கார்ப்பெட் தரையில் வளைத்தால் டயர் வழுக்காது, தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு மட்டும் வேகத்தோடு போய் வண்டி பக்கவாட்டில் உருளும். வழுக்கியிருந்தால் தப்பித்திருக்கும். 'டிராக்‌ஷன் ரோல்' என்கிறார்கள். 'பிடிப்புருளல்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், சரிதான், ஆனால் நாக்கு உருள்கிறது. நான் 'கவ்விக் கவிழ்தல்' என்கிறேன். இரண்டு சொல்லாக இருந்தால் என்ன, 'தவறி விழுதல்' இல்லையா? மருந்து: வன்கலவை, வண்டியைத் தாழ்த்துதல், அல்லது டயரின் பக்கச்சுவரில் சூப்பர் க்ளூவை மெல்லப் பூசி அந்த விளிம்பு கவ்வாமல் செய்தல்.

கடைசியாக, 'தணிப்பு', 'திணறல்' இரண்டையும் அடுத்த மாதச் சொற்பட்டியலில் சேர்க்கலாமா என்று ஐயா சொல்ல வேண்டும்.

அன்புடன்

பி.கு.: ட்ரக்கைக் கையால் தூக்கினால் சக்கரங்கள் கொஞ்சம் கீழே இறங்கித் தொங்குமே, அந்த 'ட்ரூப்'புக்குத் 'தொங்கல்' என்று எழுதி வைத்திருந்தேன். மனைவி படித்துவிட்டு, "காதில் போடுவதா?" என்றாள். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.