ஒயிட் ஸ்பேஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

காரைக்குடியிலிருந்து, வரைகலை மாணவி:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் வரைகலை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டுக்கு வரும் பிள்ளைகளுக்காக நாலைந்து பேர் சேர்ந்து தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதுகிறோம். படிநிலை, முரண், சீரமைவு, அண்மை என்று மற்றவற்றுக்கெல்லாம் எப்படியோ சொல் கிடைத்துவிட்டது. ஒயிட் ஸ்பேஸ் வந்ததும் நின்றுவிட்டோம்.

விஷயம் இதுதான். ஒரு பக்கத்தில் எழுத்தோ படமோ போடாமல், தெரிந்தே விட்டுவைக்கிற பரப்பு. அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கறுப்புச் சுவரொட்டியில் கறுப்பாக இருக்கும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழையும் அதுதான், தலைப்புக்கு மேலே விட்ட அரைப் பக்கமும் அதுதான்.

வெற்றிடம் என்று எழுதினால் இயற்பியல் வாத்தியார் காற்றை உறிஞ்சிவிட்ட குடுவையைக் காட்டுகிறார். செய்தித்தாளில் அது ஒரு தலைவர் போன பிறகு கட்சியில் உண்டாவது. காலியிடம் என்றால் வீட்டில் எல்லாரும் எந்தத் துறையில், கடைசித் தேதி எப்போது என்று கேட்கிறார்கள். இடைவெளி கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் இரண்டு இருந்தால்தானே இடை? ஓரத்தில் விட்டது எதற்கும் எதற்கும் இடையில்?

இதில் எனக்கு ஒரு சொந்தக் கடுப்பும் உண்டு. விடுமுறையில் ஓர் அச்சகத்தில் வேலை பழகினேன். புதிதாக மெஸ் திறப்பவர் ஒருவருக்கு நோட்டீஸ் செய்தேன். மேலே பெயர், நடுவே ஓர் இலை, கீழே நேரமும் தொலைபேசி எண்ணும். சுற்றிலும் நிறைய விட்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, “பாப்பா, இவ்வளவு இடம் சும்மா கிடக்கே? முழுத் தாளுக்கும்தானே காசு கொடுக்கிறேன்?” என்றார். அப்புறம் பிள்ளையார் வந்தார், மீன்குழம்புச் சட்டி வந்தது, மூலைக்கு ஒரு பூ வந்தது, இன்னும் இரண்டு எண்கள் வந்தன. கடைசியில் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கு அதற்குப் பெயர் தெரியாததால் அவருக்கு அது ‘சும்மா’ ஆகிவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் சொல்லி நிற்கக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

ஏத்தா, செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்கா சொல் தேடுகிறாய்? வளவு என்று வை.

முகப்பைத் தாண்டி உள்ளே வந்தால் நடுவில் வானம் பார்த்த வளவு. சுற்றிலும் தூண், தூணுக்குப் பின்னால் அறைகள். அத்தனை பெரிய வீட்டில் விலை கொடுத்து வாங்கிய நிலத்தின் நடுவே கூரை போடாமல் விட்டிருக்கிறார்களே, கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் உள் அறைகளில் பகலிலேயே விளக்கு வேண்டும். மழைத் தண்ணீர் அங்கேதான் விழும், சூடு அந்த வழியாகத்தான் ஏறிப் போகும். உன் மெஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வளவில் நிறுத்தி, “இதுவும் சும்மாதான் கிடக்கிறதா?” என்று கேள். அவருக்குப் புரியும்.

கோட்டையூரிலிருந்து:

வளவுக்கு என் ஓட்டு. ஆச்சி சொன்னால் சரிதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஆச்சியின் விளக்கம் வாசிக்க நல்லாய் இருக்கு. ஆனால் எங்கட பக்கம் வளவு எண்டால் வீட்டைச் சுற்றின காணி முழுக்க. அதுக்குள்ள கிணறு, தென்னை, மா, பலா, சில வேளை ஒரு மாட்டுக் கொட்டிலும் நிக்கும். “பக்கத்தில வளவு விடுங்கோ” எண்டு ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது நாலு தென்னை நடும். மெஸ்காரரின்ர நோட்டீஸ்தான் உண்மையான யாழ்ப்பாண வளவு.

புதுவயலிலிருந்து, பழைய அச்சுக்கோப்பாளர்:

நான் படித்தவன் இல்லை, முப்பது வருஷம் எழுத்துக் கோத்தவன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

கையால் கோத்த காலத்தில் ‘ஒன்றும் இல்லாத இடம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. இரண்டு சொல்லுக்கு நடுவே இடம் வேண்டுமா, அங்கே ஓர் ஈயத் துண்டு வைக்க வேண்டும். எழுத்தைவிடக் குட்டையாக இருக்கும், அதனால் மை ஒட்டாது, தாளில் படாது. பெரிய துண்டுக்கு குவாட் என்போம். வரிக்கும் வரிக்கும் நடுவே லெட் என்று தகடு போடுவோம். இன்றைக்குப் பிள்ளைகள் கணினியில் லெடிங் என்கிறார்களே, அந்தத் தகட்டின் பெயர்தான் அது. பாட்டுப் புத்தகம் கோத்தால் எழுத்தைவிட குவாட்தான் அதிகம் செலவாகும். ஒரு பக்கத்தில் குவாட் தீர்ந்துபோய் அடுத்த பக்கத்துக்குக் காத்துக் கிடந்திருக்கிறோம். இடத்தைக் காட்டும் துண்டு குறைந்தால் கட்டு முறுக்காக நிற்காது, தூக்கும்போது எழுத்தெல்லாம் கொட்டிப் போகும்.

அதனால் வெறுமை, வெற்று என்று தொடங்குகிற சொல் வேண்டாம் தங்கச்சி. அது இல்லாததன் பெயர். எங்களுக்கு அது கையில் எடுத்து வைத்த சாமான்.

மதுரையிலிருந்து, எழுத்துரு வடிவமைப்பாளர்:

அச்சுக்கோப்பாளர் ஐயா சொன்னதுதான் இந்த விவாதத்தின் நடுப்புள்ளி. 1920களில் ஜெர்மனியில் யான் சிஹோல்ட் போன்ற அச்சு வடிவமைப்பாளர்கள், அச்சில்லாத பரப்பும் வடிவமைப்பின் ஓர் உறுப்பு, மிச்சம் விழுந்த தாள் இல்லை என்று வாதாடினார்கள். அவர் காலத்து அச்சும் ஈயத்தில் கோத்ததுதான். கணினியில் வேலை தொடங்கியவர்களுக்குத்தான் அந்தப் பரப்பு முதலிலிருந்தே சும்மா கிடப்பதாகத் தோன்றுகிறது.

இனி என் சொல். புதிதாக ஆக்கியதில்லை, இருப்பதைத்தான் எடுத்துத் தருகிறேன்: வெள்ளிடை.

‘வெள்ளிடை மலை’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மறைக்க முடியாதபடி தெளிவாகத் தெரியும் ஒன்றை மேடைப் பேச்சாளர்கள் அப்படிச் சொல்வார்கள். பலருக்கு முழுத் தொடரும் தெரியும், முன்பாதிக்கு என்ன பொருள் என்று யோசித்திருக்க மாட்டார்கள். வெள்ளிடை என்றால் திறந்த வெளி, மறைப்பில்லாத இடம். அதன் நடுவே நிற்கும் மலை எவர் கண்ணுக்கும் தப்பாது.

காரைக்குடிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் குன்றக்குடிப் பக்கம் போகும்போது பாருங்கள். சுற்றிலும் பொட்டலும் கண்மாயும் கருவேலமுமாகத் தட்டையாகக் கிடக்கும் தரை. அதில் முருகன் கோயிலோடு ஒரு குன்று. அதே குன்றைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடைக்கானலில் வைத்தால் மேடு என்றுகூட யாரும் மதிக்க மாட்டார்கள். குன்று வளரவில்லை, சுருங்கவில்லை. தரைதான் அதை மலையாக்குகிறது. வடிவமைப்பில் நாம் செய்வதும் இதைத்தான். தலைப்பைப் பெரிதாக்க ஒரே வழி எழுத்தளவைக் கூட்டுவது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். சுற்றி இருப்பதை விலக்கினாலும் பெரிதாகும்.

1959-இல் அமெரிக்காவில் வந்த ஃபோக்ஸ்வாகன் விளம்பரத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள். கார் விளம்பரம் என்றாலே காரை நீளமாகத் தீட்டி, பக்கத்தில் சிரிக்கும் குடும்பத்தை நிறுத்துகிற காலம் அது. டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனத்தின் ஹெல்முட் க்ரோன் என்ன செய்தார்? ஏறக்குறைய முழுப் பக்கத்தையும் விட்டுவிட்டு, மேலே ஒரு பக்கமாகக் கட்டைவிரல் அளவில் காரை வைத்தார். சிறியதாக நினைத்துப் பாருங்கள் என்பது செய்தி. அதைச் சொன்னது வாசகம் மட்டுமில்லை, வெள்ளிடையும்தான். அந்தக் காரைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்ட முடியாது.

வெள் என்றால் வெண்மைதானே, கறுப்புத் தாளில் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்களே, அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். தேருக்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. வெள்ளை மனசு என்கிறோம், அங்கும் நிறம் இல்லை. ஆங்கிலச் சொல்லில் உள்ள ஒயிட் பிள்ளைகளைக் குழப்புகிற அளவுக்குக்கூட இந்த வெள் குழப்பாது.

கோட்டையூரிலிருந்து:

வெள்ளி டை? கல்யாண மாப்பிள்ளைக்கா?

சென்னையிலிருந்து:

அவர் கேலி செய்தாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. நான் முதலில் ‘வெள்ளி இடை’ என்று படித்துவிட்டு, கதாநாயகியின் இடுப்பை வர்ணிக்கிற பாட்டு என்று நினைத்தேன். சரி, பழகினால் போய்விடும். மென்பொருள் என்று முதன்முதலாகக் கேட்டபோது பஞ்சு மூட்டை நினைவுக்கு வந்தவன் நான்.

என் கவலை வேறு. நெகட்டிவ் ஸ்பேஸையும் இதிலேயே அடைக்கப் பார்க்கிறீர்களா? பலர் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், நான் ஒப்பமாட்டேன். 1915-இல் டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின் காட்டிய படம் எல்லாருக்கும் தெரியும். ஒரு பார்வையில் பூச்சாடி, மறு பார்வையில் எதிரெதிராக இரண்டு முகங்கள். அங்கே எழுதாத பரப்பு சும்மா ஒதுங்கி நிற்கவில்லை, அதுவே ஓர் உருவமாகிறது. ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனச் சின்னத்தில் ஆங்கிலப் பெரிய ஈ எழுத்துக்கும் சின்ன எக்ஸுக்கும் நடுவே ஓர் அம்பு இருக்கிறது. 1994-இல் லிண்டன் லீடர் வடிவமைத்தது. அந்த அம்பை யாரும் வரையவில்லை, இரண்டு எழுத்தையும் செதுக்கிச் செதுக்கி அது தானாக நிற்கும்படி செய்தார். குன்றக்குடித் தரை மலையைக் காட்டும், அதுவே மலையாகாது. இங்கே தரையே இன்னொரு மலை.

இதற்கு ‘எதிர்மறை இடம்’ என்று எங்கோ பார்த்தேன். துக்க வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது. இடையுரு என்று வைக்கலாமா? இடையில் எழும் உரு.

மதுரையிலிருந்து, எழுத்துரு வடிவமைப்பாளர்:

இடையுருவுக்கு முழுச் சம்மதம். ‘இடை’ இரண்டிலும் இருப்பதால் உறவும் தெரிகிறது, பிரிவும் தெரிகிறது.

இன்னொன்று. கையேட்டில் சிறு வெள்ளிடை, பெரு வெள்ளிடை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். எழுத்து, சொல், வரி ஆகியவற்றுக்கு நடுவில் இருப்பது சிறியது. ஓரம், பத்திகளுக்கு நடுவில் விடுவது, தலைப்பின் மேல் விடுவது பெரியது. பிள்ளைகள் பெரியதைச் சரியாக விட்டுவிட்டுச் சிறியதில் கோட்டை விடுகிறார்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைன் தானாக வைக்கும் வரி உயரம் எழுத்தளவில் 120 சதவீதம். நம் எழுத்தில் மேலே கி, கீ-யின் கொக்கி, கீழே ழு, ஞு-வின் வால். பல தமிழ் எழுத்துருக்களில் அந்த 120-இல் மேல் வரியின் வால் கீழ் வரியின் கொக்கியில் போய் மாட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்குப் போதுமானது நமக்கும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

வெள்ளிடை மலை என்று நாற்பது வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஆத்தா, உன் கையேட்டில் உதாரணமாகவாவது வளவை வை. வீட்டில் இருப்பதைக் காட்டினால்தான் பிள்ளைக்கு மனதில் நிற்கும். பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல்லையும் வை. தரை முழுக்கப் பூப்போட்ட கல்லாகவா பதிக்கிறார்கள்? சுற்றி ஒரே நிறக் கல்லை ஓட்டினால்தானே நடுவில் இருப்பது விரித்த சமுக்காளம் போலத் தெரிகிறது.

காரைக்குடியிலிருந்து, வரைகலை மாணவி:

அனைவருக்கும் நன்றி. ஆச்சி, வளவுப் படம் எடுத்தாயிற்று. கையேட்டின் நான்காம் பக்கத்தில் வருகிறது.

நேற்று அதே அச்சகத்துக்குப் போனேன். புதுமனைப் புகுவிழா அழைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று இருபத்தேழு பெயர்கள், ஒன்றையும் எடுக்க முடியாது. கணினியில் இருந்த அண்ணனிடம், “பெயர்களை நெருக்கமாக ஒரே கட்டாக வையுங்கள் அண்ணே, தேதிக்கு மட்டும் மேலேயும் கீழேயும் நல்லா வெள்ளிடை விடுங்கள்” என்றேன். அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. என்ன சொல், எங்கே படித்தாய் என்றெல்லாம் விசாரிக்கவில்லை. மவுசைக் கையில் எடுத்துக்கொண்டு, “எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார்.

கோட்டையூரிலிருந்து:

எவ்வளவு என்றா கேட்டார்? அப்படியானால் என் ஓட்டு வீண் போகவில்லை. வளவு உள்ளேதான் இருக்கிறது.