பழைய காரைக் குறைந்த காசில் ஓட வைத்த அனுபவங்கள்

நாமக்கல், 2005 மாடல் பெட்ரோல்

நான் வாங்கும்போதே வண்டிக்கு இருபது வயது நெருங்கிவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் கோளாறு அந்த வயதில் எந்த வண்டிக்கும் வரும். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். சேலம் போகும் வழியில் ஆண்டகலூர் கேட் தாண்டி நன்றாகச் சூடு ஏறியதும், ஃபேன் சுவிட்சை அணைத்தது போல எஞ்சின் நின்றுவிடும். ஜெர்க் இல்லை, மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை. செல்ஃப் அடித்தால் சுற்றும், ஆனால் பிடிக்காது. பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

பார்த்தவர்கள் எல்லோரும் பெட்ரோல் பம்ப் என்றார்கள். சும்மா சொல்லவில்லை, தேய்ந்துபோன பம்பும் சூட்டில் இப்படித்தான் மக்கர் செய்யும். ஆனால் டேங்குக்குள் இருக்கும் பம்பை செட்டோடு மாற்ற ஐயாயிரம் வரை கேட்டார்கள். அந்த மாதம் பள்ளிக் கட்டணம் வேறு. "அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி அது பம்ப்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஷெட்டுக்குக் கொண்டு வந்தா நல்லா ஓடுது, நான் எதைப் பார்ப்பேன்? நிக்கிற இடத்துல எது வருது, எது வரலைன்னு நீங்கதான் பார்க்கணும்" என்றார். என்னென்ன பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த முறை நின்றபோது சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிவிட்டு, பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு விநாடிக்கு 'உய்ங்' என்று ஒரு சத்தம். பம்புக்குக் கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது. (சத்தம் வந்தால் பிரஷர் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அதற்கு கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் பம்ப் செத்துவிட்டது என்ற பேச்சு அதோடு முடிந்தது.) அப்புறம் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்த பழைய பிளக்கை பிளக் வயரில் சொருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினில் படும்படி வைத்துவிட்டு, வீட்டுக்காரியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. அடுத்தடுத்த வயர்களிலும் இல்லை. இதைச் செய்பவர்கள் பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள், அடி பலமாக இருக்கும். பெட்ரோல் வாடை வந்தால் செய்யவே வேண்டாம்.

எல்லா வயரிலும் ஒரே நேரத்தில் பொறி இல்லாமல் போகிறது என்றால் பிளக்கையோ பிளக் வயரையோ சந்தேகப்பட வேலையில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது. பொறியை உண்டாக்கும் காயிலுக்கு வரும் கரண்ட், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், அல்லது கிராங்க் சென்சார். இந்தக் கடைசி ஆள்தான் எஞ்சின் சுற்றுவதை, அதோடு சுற்றும் சக்கரத்தின் பல்லை எண்ணி கம்ப்யூட்டருக்குச் சொல்பவர். அவர் வாயை மூடினால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எஞ்சின் சுற்றவே இல்லை. பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. பல வண்டிகளில் அதற்குள் இருப்பது ஒரு காந்தமும், முடி போன்ற கம்பிச் சுருளும்தான். வயதானால் சூட்டில் கம்பி விரிந்து எங்கோ விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து சென்சார் இருக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். அரை மணி நேரம் ஆகவில்லை, உடனே பிடித்துக்கொண்டது. இருந்தாலும் அதை மட்டும் நம்பிக் காசு போட மனம் வரவில்லை. நின்ற வேறொரு நாளில் சென்சார் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன். சூட்டில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. ஆறியதும் ஒழுங்கான எண் வந்தது. புது சென்சார், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து சொச்சம். அதற்கப்புறம் ஆண்டகலூர் கேட்டில் டீ குடிக்க மட்டும்தான் நிறுத்துகிறேன்.

செல்போனோடு பேசும் ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஏற்பாடான ஓபிடி நம் நாட்டில் கட்டாயமானது 2010-இல். அதற்கு முந்தைய வண்டிகள் பல அந்த மலிவான ஸ்கேனரோடு பேசாது. என் வண்டி பேசவில்லை. முதலில் மல்டிமீட்டர் வாங்குங்கள்.

மதுரை, 2001 மாடல்

மல்டிமீட்டர் என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார், செல்ஃப் மோட்டாரையும் பிரித்து வேலை பார்த்திருந்தார். அப்படியும் காலையில் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். வெறுத்துப் போய்த்தான் அவ்வளவு மலிவாகக் கொடுத்தார்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியைப் பார்த்தேன்: 12.6 வோல்ட். நல்ல பேட்டரி. எஞ்சின் ஓடும்போது 14-க்குப் பக்கத்தில். டைனமோவும் நன்றாகவே சார்ஜ் ஏற்றுகிறது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும், இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. எனக்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் பட்டை உள்ளே பச்சை பூத்து இற்றுப் போயிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டி தன் போக்கில் இதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி இறுகுகிறது என்று பழைய ஓனர் அதையும் மாற்றியிருந்தார். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக எர்த் பட்டையில் வழி இல்லாவிட்டால், கிடைக்கிற இரும்பு வழியாகப் போகும். அந்த வண்டியில் கேபிள் வழியாகப் போய், அதன் உறையை உருக்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் அடித்தவுடன் கேபிளைத் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். இருநூறு ரூபாய்க்குப் புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய மாட்டினேன். சுரண்டாமல் மாட்டினால் புதுப் பட்டையும் வீண்.

பொள்ளாச்சி, 2003 மாடல்

ஹீட் ஆகும் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ரோட்டில் ஓடினால் இறங்குகிறதா? ஃபேன், ஃபேன் ரிலே, அதற்கான சுவிட்ச் பக்கம் போங்கள். டவுனில் சும்மா இருந்து, ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் ஓட்டம் பக்கம் போங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் ஷெட்டுக்குப் போனால் ரெண்டையும் மாற்றிவிட்டு வருவீர்கள்.

எனக்கு மலையில்தான் ஏறியது. ரேடியேட்டரைக் கழற்றிக் குத்தி சுத்தம் செய்ய ஆள் பேசிவைத்தேன். அதற்கு முன்னால், செலவு குறைவு என்பதால் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பார்த்தேன், பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ரப்பரும் இருந்து கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 115-ஐயும் தாண்டும். ரப்பர் இற்றுப் போனால் மலை ஏறும்போது சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வெளியே கொட்டும். வாங்கும்போது பழைய மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்தின் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் பற்றி எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. கழற்றினால் எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வரவே நேரம் ஆகும். கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் போச்சு என்று புலம்புகிற பழைய வண்டிக்காரர்கள் தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறந்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் படிந்திருந்தாலோ அது வேறு கதை. எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அங்கே மலிவு வழி எதுவும் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணம், மொரிஸ் மைனர்

நாமக்கல் தம்பி பின் சீற்றில் காது வைத்துக் கேட்டதை வாசித்துச் சிரித்தேன். எங்கட மொரிஸிலும் அதே வைத்தியம்தான். அதில் எஸ்.யு. மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பினால் 'ரிக் ரிக்' என்று அடித்து, கார்பரேற்றர் நிரம்பியதும் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் பம்புக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிற பொயின்ற் ஒட்டிவிட்டது. ஸ்பனரால் மெல்ல ஒரு தட்டு. அநேகமாக ஓடத் தொடங்கும், வீடு வந்து சேரலாம். பிறகு கழற்றிப் பொயின்றைத் துடைத்து விட வேண்டும்.

தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலம் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ற் செய்து, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். ஒரு இடத்தில் நிற்பாட்டி அது ஆறிவிட்டால் மறுபடி பெற்றோல் துளி தேட வேண்டும். பிளக்கில் கரி அடைக்கும், கழற்றித் துடைப்பது அன்றாட வேலை. என்னுடைய ஐயா அந்த வேலையில்தான் எனக்குக் காரைப் பழக்கினார். கம்ப்யூட்டர் உள்ள வாகனங்களில் எனக்குக் கை வைக்கப் பயம். ஆனால் எது வருகிறது, எது வரவில்லை என்று பார்க்கச் சொன்ன உங்கட மெக்கானிக், ஐயாவுடைய ஆள்தான் போலும்.

சென்னை, 1997 மாடல் கார்புரேட்டர்

பெட்ரோல் குழாய் பற்றி யாரும் சொல்லவில்லையே. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் வருகிறது. தொண்ணூறுகளில் செய்த ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. என் வண்டியில் பானட்டைத் திறந்தாலே வாடை. குழாயைக் கிள்ளிப் பார்த்தால் சில இடம் பிசுபிசு, சில இடம் வெடிப்பு. எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றினேன். டேங்கிலிருந்த பழைய கசடு கிளம்பி ஃபில்டரை அடைத்தது. ஃபில்டர் மலிவு, மாற்றிக்கொண்டே இருந்தேன். கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி வைத்திருப்பவர்கள் கார்புரேட்டருக்குப் போடும் சாதாரணக் குழாயைப் போட்டுவிடாதீர்கள். அங்கே அழுத்தம் 3 பார் அளவுக்கு இருக்கும், வெடித்தால் தீதான்.

ஸ்பேருக்கு: புதுசு என்றால் ஜி.பி. ரோடு, கழற்றியது என்றால் புதுப்பேட்டை. கதவுக் கண்ணாடி, மிரர், மீட்டர் போர்டு, பானட், டைனமோ (அங்கேயே பேட்டரியில் வைத்துச் சுற்றிப் பார்த்து) எல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்டது, பெல்ட், ரப்பர் குழாய் இவற்றை மட்டும் பழசு வாங்காதீர்கள். மாருதி 800 வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை செய்தார்கள், எந்தச் சந்துக் கடையிலும் சாமான் கிடைக்கும்.

திருச்சி

எனக்கு ஒரு சந்தேகம். அப்பாவின் 2004 வண்டியை வைத்துக்கொள்வதா, இரும்புக் கடையில் போடுவதா? ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வருகிறது.

நாமக்கல், 2005 மாடல் பெட்ரோல்

15 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டிலிருந்து 20 வயது தாண்டிய காருக்கு 10,000. உங்கள் வண்டிக்கு அந்தப் பத்தாயிரம்தான். அதோடு இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயார் செய்கிற செலவும் சேரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எஞ்சினை அப்புறம் பார்ப்பேன். முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்வேன். சேஸிஸ், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே இருக்கும் பட்டை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் துரு இருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விட்டுவிடலாம். அது சரியாக இருந்தால் பிரேக், டயர், ஸ்டியரிங். மீதியெல்லாம் இங்கே மற்றவர்கள் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக அளந்து பார்த்துச் செய்யக்கூடியதுதான். வால்வுகளை பிஸ்டனோடு சேர்த்து நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள். தெரியாது என்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், அந்தச் செலவில் வேறு வண்டிக்கு முன்பணமே கட்டிவிடலாம்.

என் வண்டிக்கும் அதுதான் பாக்கி. தீபாவளி போனஸ் வந்ததும் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரே கூலியில் முடியும். சென்னை நண்பர் ஜி.பி. ரோடு பக்கம் போனால் விலை கேட்டுச் சொல்லுங்கள்.