குவார்ட்ஸ்சைட் டு ஹூஸ்டன்: டிரெய்லரோடு ஐ-10 நெடுஞ்சாலையில் போனவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரிசோனா குவார்ட்ஸ்சைட் ஆர்.வி. (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) கண்காட்சிக்கு வந்த இடத்தில் ஆர்.வி. வாழ்க்கை பற்றிய பயிலரங்கிலும் உட்கார்ந்தோம். அருமையான வகுப்புகள். டயர் வகுப்பு மட்டும் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். எங்கள் டிரெய்லர் டயரை டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன்: 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம். டயர் தேயவே இல்லை, ஆனால் ஓரத்தில் மயிரிழை போல வெடிப்புகள். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் கூட வருவதால் துணிந்து ஓட்ட மனம் வரவில்லை. பீனிக்ஸிலேயே நான்கையும் மாற்றிவிடட்டுமா? டிரெய்லரோடு உள்ளே நுழைய இடமுள்ள கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

வழியில் நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க் பக்கம் புழுதிப் புயலடித்தால் சாலையையே மூடிவிடுவார்களாமே, காலையில் தாண்டுவது நல்லதா?

அம்மாவுக்கு ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வெண்மணலைப் பார்க்க ஆசை. பூங்காவுக்குள் ஆர்.வி.யில் இரவு தங்க முடியாது. பக்கத்து ஊரான அலமோகோர்டோவில் மின் இணைப்போடு நல்ல இடம் எது? இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும் குளிர், பெரியவர்களுக்கு ஹீட்டர் கட்டாயம் வேண்டும்.

டெக்சாஸின் சியெரா பிளாங்கா எல்லைக் காவல் சோதனைச் சாவடியில் பெற்றோரின் பாஸ்போர்ட்டோடு ஐ-94 தாளையும் (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) காட்டச் சொல்வார்களா? அண்மையில் அந்த வழியாகப் போனவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவி.