பெத்பேஜ் பிளாக்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

புல்வெளியான்:
2002 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் வெள்ளிக்கிழமை மழையில், நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் திடலில் நான் நனைந்துகொண்டிருந்தேன். அரசுக்குச் சொந்தமான பொதுத் திடலில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். டைகர் உட்ஸ் வென்றதோ, நான்கு நாள் முடிவில் அவர் ஒருவர் மட்டுமே பாருக்குக் (திடலுக்கு நிர்ணயித்த ஷாட்களின் எண்ணிக்கைக்குக்) கீழே இருந்ததோ எனக்கு இன்று பெரிதாகத் தோன்றவில்லை. செர்ஜியோ கார்சியா பந்தின் முன் நின்று, அடிக்காமல், மட்டையின் பிடியைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார். கயிற்றுக்கு இப்பால் நின்ற கூட்டம் ஒவ்வொரு பிடியையும் உரக்க எண்ணியது. எண்ணியவர்களுள் நானும் ஒருவன். அவர் ஒரு முறை தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தார்.

கயிற்றோரம்:
இதற்காக இத்தனை ஆண்டுகள் வருந்த வேண்டுமா? இதே திடலில் நடந்த 2019 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில், ஏழு ஷாட் முன்னிலையோடு தொடங்கிய புரூக்ஸ் கெப்கா 11 முதல் 14 வரையிலான குழிகளில் தொடர்ந்து நான்கு போகி (பாரைவிட ஒரு ஷாட் கூடுதல்) வாங்கியபோது, நான் 14ஆம் கிரீனின் (குழியைச் சுற்றிய குறும்புல் பரப்பின்) அருகில் இருந்தேன். அவர் காதுபடவே "டி.ஜே., டி.ஜே." என்று அவரைத் துரத்திவந்த டஸ்டின் ஜான்சனின் பெயரை முழங்கினார்கள். கெப்கா எவரையும் பார்க்காமல் அடுத்த டீக்கு (அடுத்த குழிக்கான தொடக்க இடத்துக்கு) நடந்தார். இரண்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அந்தக் கூச்சல் தமக்கு உதவியதாகவே பின்னர் சொன்னார்.

ஒற்றைப்பை:
உதவியது என்று கெப்கா சொல்லலாம், கத்தியவர்கள் சொல்லக் கூடாது. போகட்டும். மிகத் திறமையானவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்ற எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டும் ஆடச் சென்ற நான், 4ஆம் குழியின் பெரிய பங்கரில் ஆறு முறை மணலை மட்டும் அடித்து, பந்தைக் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். என் கதை அவ்வளவுதான். போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்கிறேன். முன்பதிவு கிடைக்காவிட்டால், எண்ணிட்ட வண்டி நிறுத்துமிடத்தில் காரிலேயே இரவைக் கழிக்க வேண்டியிருக்கும் என்பதால், போர்வையும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் எடுத்துச் செல்லுங்கள். பிளாக்கில் கோல்ஃப் வண்டிக்கு அனுமதியில்லை. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே கடக்க வேண்டும் என்பதால், பாதி மட்டைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புதுக் காலணி அணியவே அணியாதீர்கள். 15ஆம் குழியின் கிரீன் செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிறது; அங்கே நினைத்ததைவிட ஒரு படி அதிக தூரம் அடிக்கும் மட்டையை எடுங்கள். பந்துகள் ஒரு டஜன் போதாது.