டார்ட்முண்ட்ல படிக்கிறேன், கூட இருக்கறவங்களுக்கு என்னைப் பிடிக்கலையா?

திருச்சி_பையன்:
அக்டோபர்ல மாஸ்டர்ஸ் பண்ண ஜெர்மனி வந்தேன். நாலு பேர் ஷேர் பண்ற வீடு, மத்த மூணு பேரும் ஜெர்மன்காரங்க. சண்டைன்னு எதுவும் இல்ல, ஆனா ஃப்ரிட்ஜ்ல பேப்பர் எழுதி ஒட்டறாங்க. முதல்ல ஞாயித்துக்கிழமை வேக்யூம் போடாதேன்னு, அப்புறம் சமைச்சா ஜன்னலைத் திறன்னு. வெளிய மைனஸ் ரெண்டு டிகிரிங்க, எப்படி திறக்கறது? எதிர்ல பாத்தா சிரிச்சு ஹலோ சொல்றாங்க, அப்படியே போய் பேப்பர் ஒட்டறாங்க, நேர்ல சொன்னா என்னவாம்? போன வாரம் டிவி, ரேடியோ கட்டணம்னு காசு வேற கேட்டாங்க, வீட்ல டிவியே கிடையாது! நாலரைக்கே இருட்டிடுது, பேச ஆள் இல்ல. வேற வீடு பாக்கலாமா?

கொங்கு_மெக்கானிக்:
அவசரப்படாதீங்க தம்பி, இந்த ஊர்ல வேற ரூம் கிடைக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. அந்தக் காசுல ஏமாத்து எதுவும் இல்ல, டிவி இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ கட்டியாகணும், நாலா பிரிச்சா உங்க பங்கு 4.59. ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாதுங்கறதும் உங்களுக்குன்னு போட்ட ரூல் இல்ல, காலி கண்ணாடி பாட்டிலக் கொண்டுபோய் தெருத்தொட்டில போட்டாக்கூட பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பாப்பாங்க. ஜன்னல் விஷயம் என்னன்னா, சமைச்ச ஆவியும் குளிச்ச ஆவியும் உள்ளயே நின்னா செவுத்துல பூஞ்சை வந்துரும், அப்புறம் வீட்டு ஓனர் டெபாசிட்ல கை வெச்சுருவான். ஹீட்டரை அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் முழுசா திறந்து மூடுங்க, லேசா சாய்ச்சு வெச்சுட்டு மணிக்கணக்கா விடாதீங்க. எங்க வீட்டுல இதவிட கூத்து, முதல் செமஸ்டர் மார்க் 1.7ன்னு சொன்னதும் அப்பா போன வெச்சுட்டாரு, இங்க 1.0 தான் டாப், 5.0ன்னா ஃபெயில்னு வெளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

மழைக்கோட்டு:
எல்லாத்துக்கும் நாமதான் மாறணுமா? வர்றவனுக்கு வாயால ஒரு வார்த்தை சொல்லக் கூடவா நேரமில்ல? பேப்பர் ஒட்டறதுக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு அது முகத்துல அடிச்ச மாதிரிதான்.

ஹம்_அக்கா:
நான் சின்னனில இருந்து இங்கதான் இருக்கிறன். தம்பி, பேப்பர் ஒட்டுறது வெறுப்பில இல்ல, பிடிக்காட்டி உங்களோட கதைக்கவே மாட்டினம். ஆனா திடீரெண்டு கதவத் தட்டி "வாங்கோ சாப்பிட" எண்டு கூப்பிட்டா திகைச்சுப் போவினம், ஒரு கிழமைக்கு முதலே நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கோ, கட்டாயம் வருவினம். ஆறு மணி எண்டா ஆறுக்கே வந்து நிப்பினம், சோறு அதுக்கு முதல் அவிஞ்சிருக்க வேணும். தனிமையா இருந்தா பக்கத்தில ஹம் எண்ட ஊரில இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்கு வாங்கோ, 2002ல கட்டினது, அங்க வாறதில எங்கட இலங்கைத் தமிழ்ச் சனம்தான் அதிகம். டார்ட்முண்டில இருந்து ரயிலும் பஸ்ஸும், யூனிவர்சிட்டி தாற உங்கட செமஸ்டர் டிக்கெட்டே போதும். மழைக்கோட்டு சொல்றதிலயும் நியாயம் இருக்கு, நேர்ல சொல்லுங்கோ எண்டு நீங்களும் அவையிட்ட கேக்கலாம்தானே.

திருச்சி_பையன்:
நன்றி அக்கா, அண்ணா. நேத்து கேட்டேன், பேப்பர் வேணாம் வாட்ஸப்ல போடுங்கன்னு, உடனே சரின்னுட்டாங்க, இதுக்குத்தான் இவ்ளோ நாள் புழுங்கிட்டு கெடந்தேனா தெரியல. சாப்பாடும் அடுத்த ஞாயித்துக்கிழமை 18 மணின்னு காலண்டர்ல எழுதிட்டாங்க. ஒருத்தன் வீகன், நெய், தயிர் எதுவும் ஆகாதாம். என்ன செய்யறது?

ஹம்_அக்கா:
சொதி வையுங்கோ, தேங்காய்ப்பால்ல வைக்கிற குழம்புதான், அந்தப் பால் டின் எல்லாக் கடையிலயும் இருக்கு. பச்சை மிளகாய் ஒண்டு போதும், கீறாமப் போடுங்கோ. சனிக்கிழமையே சாமான் வாங்கி வைச்சிடுங்கோ, ஞாயிறு கடை பூட்டு.

கொங்கு_மெக்கானிக்:
தாளிக்கறதுக்கு முன்னாடி ஸ்மோக் அலாரம் எங்க இருக்குன்னு பாத்துக்கங்க தம்பி.