பத்மநாபபுரம் முதல் உதயகிரி கோட்டை வரை: நடக்க வழி வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்து புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்கு அப்பாவை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். பாதுகாப்பான வழிதான் கிடைக்கவில்லை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அப்புறம் அவருக்கே படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. சுற்றிலும் மரங்கள், நல்ல நிழல். அப்பாவுக்கு அதைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை.

போன மாதம் இரண்டு தடவை தனியாக நடந்து பார்த்தேன். மேப் காட்டிய தக்கலை நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. கால்வாய்க் கரையில் இறங்கினால் பாதியில் முள்புதர். ஆட்டோக்காரர்களும் மெயின் ரோட்டையே சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 68, மூட்டு வலி உண்டு. திங்கள் அரண்மனை விடுமுறை என்பதால் வருகிற ஞாயிறு கிளம்புகிறோம்.

நெடுஞ்சாலையை முடிந்தவரை தவிர்த்து, ஊருக்குள்ளேயே போகிற வழி யாருக்காவது தெரியுமா?